பணிய விட்ட காரும் ஒன்பது பேரும்

கலியாணப் பொம்பிளை ஏறி இருந்த காரின் ரயரில் காற்றைத் திறந்துவிட்டவன் என்று என்னைப் பற்றி ஒரு கதை கரவெட்டிப் பக்கம் இன்றைக்கும் உலாவுகிறது. கடைக்கு வருகிற பழைய ஆக்கள் சிலர் அதை உங்களிடமும் சொல்லிச் சிரித்திருப்பார்கள். கதை உண்மை. திறந்துவிட்டேன். பொம்பிளை வெள்ளைச் சட்டையோடு உள்ளே இருந்தாள், தகப்பன் முன்சீற்றில் இருந்தார், நான் சில்லடியில் குந்தியிருந்து வால்வைக் கழற்றினேன். அதற்காக இதுவரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனியும் கேட்கப்போவதில்லை.

கடை இப்போது உங்கள் கையில். போன கிழமை ஒரு பொடியன் ஸ்பிறிங்கை வெட்டித் தரையோடு பணிய விட்ட கார் ஒன்றோடும் புது றிம் நாலோடும் வந்து நின்றான். மகன், மகள், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று போனில் அளவு தேடினீர்கள். போன் சொன்ன அளவு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களில் ஒருவராவது அவனிடம், "தம்பி, இந்தக் காரிலை ஆர் ஆர் போறனீங்கள்?" என்று கேட்டீர்களா? நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எண்பத்து நாலோ ஐந்தோ இருக்கும். கரவெட்டியில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, குணம் என்று பெயர். சவுதியில் மூன்று வருடம் நின்றுவிட்டு வந்து ஒரு ஜப்பான் கார் வாங்கினான். வாங்கிய கையோடு முன் ஸ்பிறிங்கில் ஒன்றரைச் சுருளை வெட்டுவித்தான், பின்பக்கத்தையும் இறக்குவித்தான். கார் ஆமை மாதிரித் தரையோடு ஊர்ந்து என் கராச்சுக்குள் வந்தது. டிக்கியைத் திறந்தான். பழைய துவாய்களில் சுற்றி நாலு அலாய் றிம். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி ஒரு மினுக்கம்.

"அண்ணை, பதினாலு இஞ்சி. ஆறு இஞ்சி அகலம். இதுக்கு ஏறக்கூடியதிலை ஆகப் பெரிய ரயராப் போட்டுத் தாங்கோ."

"ஏன் பெரிசு?"

"றோட்டிலை போகேக்கை சனம் திரும்பிப் பாக்கவேணும்."

"சனம் இப்பவும் பாக்குதுதான் தம்பி. கார் எங்கை எண்டு தேடுது."

அவன் சிரிக்கவில்லை. கார் வைத்திருக்கிற இளந்தாரிகள் காரைப் பற்றிய பகிடிக்குச் சிரிப்பதில்லை, இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரோடு வந்தது பதின்மூன்று இஞ்சி இரும்பு றிம், நூற்றைம்பத்தைந்து மில்லிமீற்றர் அகல ரயர். றிம் ஓர் இஞ்சி வளர்ந்தால் ரயரின் சுவர் அந்த அளவுக்குத் தணியவேண்டும், முழுச் சில்லின் உயரம் மாறக்கூடாது. இது உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் நாங்கள் அதை உருட்டித்தான் பார்த்தோம். சீமெந்துத் தரையில் பழைய சில்லை நிறுத்தி, ரயரிலும் தரையிலும் சோக்கால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, ரயரின் கோடு திரும்பித் தரையைத் தொடுகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் ஆறடியும் ஒரு நூல் அளவும். புது ரயரும் அதற்குக் கிட்ட உருளவேண்டும். நூற்று எண்பத்தைந்து, அறுபது, பதினாலு என்று ரயரின் அளவை எழுதிக் கொடுத்தேன். கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். உருட்டினால் முக்கால் இஞ்சிதான் குறைவு. மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் என் இரண்டு விரல் சுகமாகப் போய் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குணம் நாலு சில்லையும் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தான்.

பிழை அங்கேதான் நடந்தது. நான் விரலை விட்டுப் பார்த்தபோது காருக்குள் ஆர் இருந்தது? ஒருவரும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையே அவர்கள் சந்நிதிக் கோயிலுக்குப் பொங்கப் போனார்கள். குணத்தின் தாய் பரமேசு அக்கா, பெரியம்மா, சித்தப்பா, சித்தப்பாவின் பிள்ளைகள், பொங்கல் பானை, ஒரு கட்டு விறகு. ஒன்பது பேர். எங்கள் பக்கத்தில் கார் என்றால் அப்படித்தான். காரடிக்கு வந்த மனிசரை "நீ நில்" என்று எவரும் சொல்லமாட்டார்கள். மடியில் ஒன்று, அந்த மடிக்கு மேல் இன்னொன்று. தொண்டைமானாற்றுக்கு ஒரு மைல் இருக்க, றப்பர் எரிகிற மணம். பின் ரயர் இரண்டையும் மட்காட்டின் விளிம்பு தேங்காய் துருவுவது மாதிரித் துருவியிருக்கிறது. புதுக் காரைத் தெருவோரம் விட்டுவிட்டு, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துதான் கோயிலுக்குப் போனார்கள்.

அடுத்தநாள் காலையில் பரமேசு அக்கா கராச் வாசலில் வந்து நின்றா.

"தம்பி மணியம், உனக்குக் கணக்குத் தெரியும். ஆக்களைத் தெரியாது."

குணம் பின்னால் நின்று, "அம்மா, ஒன்பது பேர் ஏறினது எங்கடை பிழையெல்லோ," என்றான்.

"பொத்தடா வாயை. ஒன்பது பேர் ஏறாத கார் இஞ்சை எங்கையடா ஓடுது? அப்பிடியெண்டால் நீ சவுதியிலையே ஓடியிருக்கலாம்."

அக்கா சொன்னது முழுக்கச் சரி. விளிம்பை உள்ளுக்கு மடித்து அடித்தேன், பின் ஸ்பிறிங்குக்குக் கட்டை வைத்து ஒன்றரை இஞ்சி உயர்த்தினேன், ரயரை மாற்றினேன். உயர்த்தியதற்குக் குணம் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து கராச்சில் ஒரு வழக்கம் வைத்தேன். மட்காட்டின் உள்பக்கத்தில் குளத்துக் களிமண்ணை விரல் தடிப்பு மொத்தத்துக்கு அப்புவேன். பிறகு சந்தியில் சும்மா நிற்கிற ஆக்களைக் கூப்பிட்டுக் காருக்குள் ஏற்றுவேன். எத்தனை பேர் அந்தக் காரில் போவார்களோ அத்தனை பேர். ஸ்ரெயறிங்கை முழுக்க முறித்துத் திருப்பி, மதகு மேட்டில் ஏற்றி இறக்கி, பிறகு களியைப் பார்ப்பேன். ரயர் எங்கே தொட்டதோ அங்கே களி வழிக்கப்பட்டிருக்கும். "மணியத்தார் ரயரோ விக்கிறார், ஆளோ விக்கிறார்?" என்று சந்தி முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களும் கூப்பிட்டால் வந்து ஏறினார்கள், ஓசிச் சவாரிதானே.

அது நல்ல காலம். அதற்குப் பிறகு வந்த காலத்தை நீங்கள் கேள்விப்பட்டுத்தான் இருப்பீர்கள். தொண்ணூறுக்குப் பிறகு சண்டை, அரசாங்கத்தின் பொருள் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, ரயர் இல்லவே இல்லை. ஓடிய ஒன்றிரண்டு காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல். மற்றக் கார் எல்லாம் மரக்குற்றியில் ஏறி நின்றன. குணம் கனடாவுக்குப் போய்விட்டான். அவன் கார் பரமேசு அக்காவின் மாட்டுக்கொட்டிலுக்குள் பனங்குற்றி மேல் நின்றது. போவதற்கு முதல், பின் ஸ்பிறிங்குக்கு நான் வைத்த கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் போயிருக்கிறான். உயர்ந்த காரை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மானக்கேடாம்.

அந்த வளவில் சூசைப்பிள்ளை அண்ணை குடும்பத்தோடு வந்து இருந்தார். குருநகர்க்காரர், கடற்றொழில். ஷெல்லடியில் வீடு போக, பரமேசு அக்கா இடம் கொடுத்தா. கடலுக்கு இறங்கத் தடை. ஆனாலும் மனிசன் ஒவ்வொரு நாளும் காலையில் வேம்புக்குக் கீழே இருந்து கிழிந்த வலை பொத்துவார். மகள் ஜெசிந்தாவுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. மாப்பிளை குருநகரை விட்டு அசையாமல் இருந்த பொடியன். கலியாணம் அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில், பத்து மணிப் பூசையில். கரவெட்டியில் இருந்து இருபது மைலுக்குக் கிட்ட.

அந்த நாளில் எல்லாக் கலியாணமும் சைக்கிளில்தான் நடந்தது. பொம்பிளை கூறைச் சீலையோடு சைக்கிள் பாரில் இருப்பாள், மாப்பிளை உழக்குவார், ஒருவரும் வெட்கப்பட்டதில்லை. சூசைப்பிள்ளை அண்ணை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மணியம், கடலை மறிச்சாங்கள், சரி. எண்ணெயை மறிச்சாங்கள், சரி. என்ரை பிள்ளையையும் மறிக்கிறதோ? அவள் காரிலை போவாள். கோயில் வாசலிலை நான் முதல் இறங்கி, கதவைத் திறந்து, அவளைக் கையிலை பிடிச்சு இறக்குவன். என்ரை அப்பு என்ரை அக்காவுக்கு அப்பிடித்தான் செய்தவர். எனக்கு வேறை ஒண்டும் மிச்சமில்லை, இதையெண்டாலும் செய்யிறன்."

பரமேசு அக்கா காரைத் தர உடனே ஓம் என்றா. ஓட்டுவதற்குச் சின்னராசா, வாடகைக் கார் ஓடிப் பழகினவன். நான் போய் நாலு சில்லையும் பார்த்தேன். இரண்டு ரயர் நல்லம். மற்ற இரண்டும் வெயில் பக்கம் நின்று வறண்டு வெடித்திருந்தன, வெடிப்புக்குள் நகம் போனது. கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது.

செய்தி சந்திக்குப் போக, மைனர் என்கிற பழைய இங்கிலீசுக் கார் வைத்திருந்த ஒருவர் தன் காரில் இருந்து இரண்டு ரயரைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் நல்ல ரயரை இரவல் தருவதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மைனர் காருக்கும் பதினாலு இஞ்சிதான். எல்லாரும் கை தட்டாத குறை. நான் ரயரைத் தூக்கிப் பார்த்தேன். நூற்று நாற்பத்தைந்து. ஒல்லி ரயர்.

"கட்டமாட்டன்," என்றேன்.

சின்னராசாவுக்கு விளங்கவில்லை. "என்ன அண்ணை கதைக்கிறியள்? பதினாலுக்குப் பதினாலு. ஏன் ஏறாது?"

"ஏறும். நிக்காது. றிம் ஆறு இஞ்சி அகலம். உந்த ரயர் நாலு, நாலரைக்கு உண்டானது. உன்ரை சேட்டை எனக்குப் போட்டால் பொத்தான் பூட்டலாம், குனியேலாது."

"குனியாமல் ஓடுறன்."

"பள்ளமும் கிடங்குமான வல்லை றோட்டிலையோ?"

ஆக்கள் சிரித்தார்கள், ஆனால் என் பக்கம் ஒருவரும் இல்லை. ரயர் கொண்டுவந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. "மணியத்தாருக்குப் பயம். வேலை மறந்து போச்சு," என்று பின்னால் ஒரு குரல். சொல்லிப் பயனில்லை என்று கண்டு, செய்து காட்டினேன். ஒல்லி ரயரை அலாய் றிம்மில் ஏற்றிக் காற்றடித்தேன். ஏறியது. சுவர் இரண்டும் கூடாரத்துணி மாதிரி இழுபட்டு நின்றன. பிறகு பாதிக் காற்றைத் திறந்துவிட்டேன்.

"ஏன் காத்தை விடுறாய்?" என்றார் ரயர் கொண்டுவந்தவர்.

"எங்கடை ரியூப் எல்லாம் பத்து ஒட்டுப் போட்டது. பாதி வழியிலை பாதிக் காத்துத்தான் இருக்கும். அதைத்தானே பாக்கவேணும்."

சில்லைப் படுக்கப் போட்டு விளிம்பில் பெரிய சுத்தியலால் ஒரு அடி. டப் என்றது. ரயரின் ஓரக் கம்பி றிம்மின் பள்ளத்துக்குள் விழுந்து, மிச்சக் காற்று முழுவதும் ஒரே மூச்சில் போனது. நாங்கள் போகவேண்டிய வழியில் வல்லை வெளி இருக்கிறது. ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. மேலே சுட வருகிற ஹெலியின் சத்தம் கேட்டால் ஒதுங்க ஒரு மதில் கிடையாது. அங்கே இப்படி நடந்தால் கார் நின்றது நின்றதுதான்.

சின்னராசா அந்தச் சில்லைத் தூக்கி ஓரமாகச் சாத்தினான். சூசைப்பிள்ளை அண்ணை விடவில்லை.

"எனக்கு உந்த வித்தையெல்லாம் வேண்டாம் மணியம். ஒண்டு சொல்லு. என்ரை பிள்ளை காரிலை போவாளோ, போகமாட்டாளோ?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வேறு சொல்லில் வரும். கேட்கிற மனிசன் நல்லவராக இருப்பார், அவருடைய ஆசையில் பிழை இருக்காது. அதுதான் கஷ்டம். கெட்டவனுக்கு மாட்டேன் என்று சொல்ல ஆருக்கும் ஏலும். நான் அன்றைக்குச் சொன்னது இதுதான்: "போவாள். ஆனால் நான் சொல்லிற சில்லிலை போவாள்."

காரோடு முதலில் வந்த பதின்மூன்று இஞ்சி இரும்பு றிம் என் மூளைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பரமேசு அக்காவிடம் கேட்டேன். இரண்டு எங்கே போனது என்று தெரியாது, மற்ற இரண்டும் கோழிக்கூட்டுக்கு அடியில் என்றா. கோழிகளை இறக்கிவிட்டு எடுத்தேன். துரு, எச்சம், ஆனால் நெளியவில்லை. பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் கார் குற்றியில் நின்றது, அதில் நூற்றைம்பத்தைந்து ரயர் இரண்டு நல்லதாக இருந்தது. அவருடைய றிம் எங்கள் ஆணிக்குப் பொருந்தாது. ஆனபடியால் ரயரை மட்டும் இரவல் வாங்கிக் கோழிக்கூட்டு றிம்மில் கட்டினேன். அவை முன்னுக்கு. நல்லாக இருந்த அலாய் இரண்டும் பின்னுக்கு, பாரம் அங்கேதான் விழும். ஒரே அச்சில் இடமும் வலமும் ஒன்றாக இருக்கவேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்று, அதை எப்போதோ உருட்டிப் பார்த்தாயிற்று.

"மணியண்ணை, முன்னுக்குத் துரு, பின்னுக்கு வெள்ளி. கலியாணக் காரோ இது? சனம் சிரிக்கும்," என்றான் சின்னராசா.

"வடிவுதான் போகும். ஆக்களின்ரை உயிர் போகாது."

பின்பக்கத்தை மறுபடி உயர்த்தலாம் என்றால், ஆணிகள் துருவேறி ஒன்றாகிப் போயிருந்தன. அறுத்தால் மாற்றுப் போட யாழ்ப்பாணத்தில் ஆணி இல்லை. களியை அப்பினேன், சந்தியில் நின்றவர்களைக் கூப்பிட்டேன். ஐந்து பேர் ஏறினார்கள், மதகில் ஏற்றி இறக்கினோம், களி அப்படியே இருந்தது. ஆறு பேர், நகம் பட்ட மாதிரி ஒரு கீறு. ஏழு பேர் ஏற, களி சீவி எடுத்த மாதிரிப் போய்விட்டது.

"அண்ணை, அஞ்சு பேர்," என்றேன் சூசைப்பிள்ளை அண்ணையிடம். "சின்னராசா, நீங்கள், பிள்ளையின்ரை அம்மா, பிள்ளை, தோழிப் பிள்ளை. அவ்வளவுதான். ஆறாவது ஆள் இல்லை."

"சரி மணியம், சரி," என்றார். இவ்வளவு கெதியில் ஓம் என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

கலியாணத்தன்று விடிந்து ஆறரை மணிக்குச் சைக்கிளில் பம்ப்பையும் ஆணி கழற்றுகிற சாவிகளையும் கட்டிக்கொண்டு அங்கே போனேன். கார் முற்றத்தில் நின்றது, முன்னுக்குப் பூமாலை. உள்ளே ஒன்பது பேர். சூசைப்பிள்ளை அண்ணையின் தமக்கை மரியம்மா பின்சீற்றின் நடுவில், மடியில் பலகாரப் பெட்டி. அவவின் இரண்டு மகள்மார், ஒரு மருமகன். ஜெசிந்தா கதவோரம் நெரிபட்டு, தலையில் இருந்த வலைத்துணி கண்ணாடிக்கு வெளியே தொங்கியது.

"அண்ணை, அஞ்சு பேர் எண்டு சொன்னனானெல்லோ?"

அவர் முன்னுக்கே பார்த்தபடி, "அக்காவை எப்பிடி மணியம் இறங்கச் சொல்லுறது?" என்றார்.

அக்காவின் காதில் அது விழுந்தது. "ஆர் இறங்கிறது? நான் தூக்கி வளத்த பிள்ளை. என்னை இறங்கச் சொல்ல இவர் ஆர்? கார் இவரின்ரையோ?"

"இல்லை அக்கா. ரயர் என்ரை பொறுப்பு."

"உம்மடை பொறுப்பைச் சில்லோடை வைச்சுக்கொள்ளும். எடு தம்பி சின்னராசா, நேரம் போகுது."

சின்னராசா என்னைப் பார்த்தான். பிறகு ஸ்ராட் பண்ணினான்.

அப்போதுதான் குந்தினேன். முன் இடதுபக்கச் சில்லு. மூடியைத் திருகி, வால்வைக் கழற்றிச் சேட் பொக்கற்றில் போட்டேன். காற்று சீறிக்கொண்டு போனது. கார் ஒரு பக்கம் சரிந்தது. முற்றத்தில் எழும்பிய கூச்சலை நான் எழுதவில்லை, அதில் பாதி எழுதக்கூடியதும் இல்லை. அபசகுனம் என்றார்கள், பொறாமை எரிச்சல் என்றார்கள். மருமகன் என் சேட்டைப் பிடித்துவிட்டான்.

"பிடியும் தம்பி," என்றேன். "அடிக்கிறதெண்டாலும் அடியும். ஒன்பது பேரோடை இந்தக் கார் வல்லைக்குப் போகாது."

சூசைப்பிள்ளை அண்ணை கதவைத் திறந்தார். "விடுங்கோ அவனை. நான் இறங்கிறன். அக்கா இருக்கட்டும், நான் சைக்கிளிலை வாறன்," என்று ஒரு காலை நிலத்தில் வைத்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கலியாணத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் விட்டுக்கொடுத்தார். என்னாலேதான் அது. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் என் கை பொக்கற்றில் இருந்த வால்வைத் தேடியது. திரும்பப் போட்டுவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

அதற்குள் பின்னால் இருந்து ஜெசிந்தா கதைத்தாள். அதுவரை அந்தப் பிள்ளையின் குரலையே நான் கேட்டதில்லை.

"அப்பா, காலை உள்ளை வையுங்கோ. நீங்கள் இறங்கினால் அங்கை ஆர் கதவு திறக்கிறது?"

"பிள்ளை..."

"உள்ளை வையுங்கோ எண்டு சொல்லுறன்." பிறகு திரும்பி, "மாமி, நீங்கள் என்னைத் தூக்கி வளத்தது உண்மை. அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடை வல்லை வெளியிலை நிண்டு வானத்தைப் பாக்கிறதோ? இறங்குங்கோ மாமி. பெட்டியைத் தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்."

மரியம்மா தம்பியின் பிள்ளையான மருமகளை ஒரு பார்வை பார்த்தா. பெட்டியைக் கொடுத்தா. இறங்கினா. அவவுக்குப் பின்னால் மற்ற மூன்று பேரும் இறங்கினார்கள். நான் வால்வைப் பூட்டிக் காற்றடிக்கத் தொடங்கினேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. முடித்ததும் பின் மட்காட் இரண்டிலும் புதுக் களி அப்பினேன். அதையும் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இனி நான் எப்பிடிப் போறது?" என்றா மரியம்மா.

"என்ரை சைக்கிளிலை ஏறுங்கோ அக்கா."

"இதுக்கு எத்தினை பேர் எண்டு களி அப்பிப் பாத்தனீரோ?"

"இல்லை. இது நம்பிக்கையிலை ஓடுறது."

ஏறினா. வல்லை வரைக்கும் என் முதுகுக்குப் பின்னால் இருந்து ஏசிக்கொண்டே வந்தா. என்னை, என் தொழிலை, என்னைப் பெற்றவர்களை. நான் உழக்கினேன். காருக்கு முன்னும் பின்னும் இருபது சைக்கிள் அளவில் வந்தன. சின்னராசாவும் சைக்கிளின் வேகத்துக்கே காரை விட்டான். றோட்டுக்கரையில் நின்ற சனம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. கார் வருகிறது என்பதே அந்த நாளில் ஒரு புதினம்.

வல்லை வெளியில் எதிர்க்காற்று. பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் றோட்டுக்குக் குறுக்கே ஷெல் விழுந்த பள்ளக் கிடங்கு ஒன்று, மழைத்தண்ணீர் நிரம்பி ஆழம் தெரியாமல் கிடந்தது. முன்னால் போனவர்கள் கத்தினார்கள். சின்னராசா வெட்டினான், ஆனாலும் முன்சில்லு இறங்கி, அடுத்து பின்சில்லு இறங்கி, அடித்தளம் டமார் என்று றோட்டில் இடித்தது. கார் ஏறி நின்றது. தெற்கே எங்கேயோ ஹெலிச் சத்தம், கிட்டவோ தூரவோ தெரியவில்லை. சைக்கிளை மரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். முன் ரயரில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிவரத் தடவினேன். எங்கும் புடைத்துப் பொக்களிக்கவில்லை. ஓரக் கம்பி இருந்த இடத்தில் இருந்தது. பின்னுக்குப் போய் மட்காட்டுக்குள் கையை விட்டேன். களியில் ஒரு வழிசல். மிச்சமாக இருந்த களி ஒரு தோசை மொத்தம்.

அந்தக் களியை அப்படியே வழித்தெடுத்துக்கொண்டு போய் மரியம்மாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். ரயர் தேய்த்த பக்கத்தை அவ பார்த்தா. என் விரல் நுனியில் மிஞ்சியிருந்த களியின் தடிப்பைப் பார்த்தா. காருக்குள் இருந்த மருமகளைப் பார்த்தா.

"சரி," என்றா. "மிதியும்."

அதற்குப் பிறகு ஏச்சு இல்லை. ஹெலிச் சத்தமும் மெல்ல மெல்ல வேறு பக்கம் போனது.

அதை வைத்து நான் வென்றேன் என்று எழுதலாம். எழுதவில்லை. அந்தக் கிடங்கு அங்கே இருந்திராவிட்டால் நான் வெறும் பிடிவாதக்காரனாகத்தான் கோயிலுக்குப் போயிருப்பேன், மரியம்மா கடைசி மைல் வரை ஏசியிருப்பா. அப்படி நடந்திருந்தாலும் நான் செய்தது சரிதான். இதை நன்றாக யோசியுங்கள். நீங்கள் மாட்டேன் என்று சொல்லுகிற பத்தில் ஒன்பது தடவை உங்களைச் சரி என்று காட்ட ஒரு கிடங்கும் வராது. கார் சும்மா போய்ச் சும்மா வந்துவிடும். சனம் சிரிக்கும். அந்த ஒன்பது தடவையும் சேர்த்துத்தான் உங்களுடைய வேலை. வாடிக்கையாளரின் ஆசைக்கு அளவு எழுதிக் கொடுக்க ஆள் தேவையில்லை, அதை அவரே எழுதிக்கொள்வார்.

ஒன்பதரைக்குக் குருநகருக்குள் இறங்கினோம். கோயில் வாசலில் சனம் நிறைந்து நின்றது. எல்லாரும் சைக்கிளில் வந்தவர்கள், மதில் நீளத்துக்குச் சைக்கிள் சாத்தியிருந்தது. கார் திரும்பியதும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சின்னராசா படிக்கட்டுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினான்.

சூசைப்பிள்ளை அண்ணை இறங்கினார். வேட்டியைத் தட்டிச் சேட்டை இழுத்துவிட்டார். பிறகு பின்கதவைத் திறந்து கையை நீட்டினார். ஜெசிந்தா பலகாரப் பெட்டியைத் தாயிடம் கொடுத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து இறங்கினாள்.

மாப்பிளை பகுதியில் ஒரு இளந்தாரி, வாய்க்காரன், காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தான். முன்சில்லில் துருவும் கோழி எச்சத்தின் வெள்ளையும், பின்சில்லில் மினுக்கமும். அவனுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

"என்ன சூசையண்ணை, முன்னுக்கு ஒரு கார், பின்னுக்கு வேறை ஒரு கார்?"

நின்ற சனம் கொல் என்று சிரித்தது. சின்னராசா என்னைப் பார்த்துத் தலை குனிந்தான். நான் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சூசைப்பிள்ளை அண்ணை மகளின் கையை விடாமல் திரும்பினார்.

"ஓமடா. ரெண்டு காரிலை வந்தனாங்கள். நீ எத்தினை காரிலை வந்தனி?"